சோழவரத்துக்குத் தாழ்த்திய வண்டிகள்

சின்ன வயதில் எனக்கு ஒரு வித்தை தெரியும். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நின்றுகொண்டு, கடந்துபோகும் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முதுகை மட்டும் பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவேன். தலைகளை எண்ண வேண்டியதில்லை, பின்சக்கரங்களைப் பார்த்தால் போதும். ஓட்டுபவர் தனியாகப் போனால் இரண்டு சக்கரங்களும் அடியில் ஒடுங்கி மேலே விரிந்து, ஆங்கில ‘வி’ எழுத்துபோல நிற்கும். பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் நிமிர்ந்துகொள்ளும். கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் மொத்தமும் சீர்வரிசைத் தட்டுகளோடு உள்ளே அடைந்திருந்தால், அடியில் விரிந்து மேலே சாய்ந்து அந்த ‘வி’ கவிழ்ந்துவிடும்.

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு வீல் அலைன்மென்ட் கடை இருக்கிறது. கேமராவும் கம்ப்யூட்டர் திரையும் வந்துவிட்டன. ஆனாலும் நான் பார்க்கிற வேலையின் முதல் பாடம் அந்தப் பின்சக்கரங்கள்தான். வண்டியின் உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். காரைத் தாழ்த்துவது என்ற விஷயம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. தாழ்த்திய வண்டியோடு வருகிற பையன்களிடம் ஹெரால்டு கதையைச் சொன்னால்தான் புரியவைக்க முடிகிறது. அதனால் எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஹெரால்டு எங்கள் ஊர்க் கார். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் முதலில் வான்கார்டு வந்தது, பிறகு சின்ன ஸ்டாண்டர்டுகள், 1961இலிருந்து ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டுகளோடு சேர்ந்து மூக்கு மொத்தமும் முன்னால் கவிழும். எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுசாக வெளியே தெரியும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். அவ்வளவு ஒடித்துத் திருப்பக்கூடிய காரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சந்துக்குள் திருப்ப வேண்டுமானால் ஹெரால்டுக்கு 25 அடி வட்டம் போதும்.

இங்கிலாந்தில் அது 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியர் மிக்கலோட்டி. மற்ற கம்பெனிகள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு பழைய பாணியில் தனிச் சட்டத்தின்மேல் நின்றதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குக் கார் உடல் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலை அடித்துத் தர ஆள் இல்லாமல், துண்டு துண்டாகச் செய்து சட்டத்தின்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அந்தச் சட்டத்தில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். அந்த விலையில் அது பெருமைப்படத்தக்க விஷயம். ஆனால் பின்பக்கத்தில் செலவைக் குறைக்க ஒரு குறுக்குவழி எடுத்தார்கள்.

நடுவில் டிஃபரன்ஷியல் அசையாமல் சட்டத்தில் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு யுனிவர்சல் ஜாயின்ட். அங்கிருந்து சக்கரம்வரை ஒன்றரை அடி சுமாருக்கு ஒரு தண்டு. தண்டுக்குச் சக்கரம் எப்போதும் செங்குத்து. டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு கமான், அதன் இரு நுனிகளும் இரண்டு சக்கரங்களைப் பிடித்திருக்கும். ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். பறவை இறக்கையை ஏற்றி இறக்குவதுபோல இரண்டு தண்டும் ஏறி இறங்கும், கூடவே சக்கரமும் சாயும். ஒன்றரை அடித் தண்டில் ஒரு அங்குலம் என்பது சுமார் 3 டிகிரி. அலைன்மென்ட் வேலையில் அரை டிகிரிக்கே சண்டை வரும்.

நான் வேலை கற்றது என் அம்மாவின் தம்பியிடம். மேற்குத் தாம்பரத்தில் மாமாவுக்குக் கமான் பட்டறை. லாரி, வேன், வில் வண்டி எல்லாவற்றுக்கும் பட்டை அடிப்பார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, 1970 வாக்கில், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒரு ஹெரால்டு கமானைக் கழற்றி டாக்ஸி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். “மேஸ்திரி, வண்டி இரண்டு அங்குலம் கீழே உட்காரணும். பிப்ரவரிக்குள்ளே வேணும்” என்றார்கள். மாமாவுக்குப் பிப்ரவரி என்றதும் புரிந்துவிட்டது. சோழவரம்.

இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை அது. செங்குன்றத்தைத் தாண்டி வடக்கே இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. ‘டி’ எழுத்து வடிவில் ஓடுபாதைகள், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, திருப்பங்களில் வைக்கோல் கட்டுகள். அதைப் பார்க்க அத்தனை ஜனம் கூடும். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் மாமாவோடு நான் பார்த்த முதல் பந்தயம் அதே வருஷம்தான். விஜய் மல்லையா எஃப்-1 காரான என்சைனைக் கொண்டுவந்து அங்கே ஓட்டியதெல்லாம் பின்னால் 80களில். நான் பார்த்த காலத்தில் ஃபியட்டும் ஹெரால்டும்தான் எங்களுக்கு உயிர். கடைவீதியில் நிற்கிற வண்டியே அங்கே வந்து பறக்கும்.

மாமா என்னை நேர்ப்பாதையில் நிற்கவிடவில்லை. நேர்ப்பாதை முடிந்து வண்டிகள் இறுக்கமாகத் திரும்புகிற மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “சத்தத்தைக் கேட்காதே, பின்சக்கரத்தைப் பார்” என்றார். தாழ்த்தாத ஹெரால்டு ஒன்று வந்தது. டிரைவர் பிரேக் பிடித்தார், வால் தூக்கியது, திருப்பினார். வெளிப்பக்கப் பின்சக்கரம் கணுக்கால் பிசகியதுபோல உள்ளே மடிந்தது. அடுத்த நொடி வண்டி தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு வைக்கோலுக்குள் போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வந்தது எங்கள் பட்டறைக் கமான் போட்ட வண்டி. பின்சக்கரங்கள் இரண்டும் கவிழ்ந்த ‘வி’யாகச் சாய்ந்து, தரையை ஒட்டியபடி அந்த மூலையைக் கடந்து போயிற்று.

ஏன் இப்படி என்று மாமா மண்ணில் குச்சியால் வரைந்து காட்டியது இன்னும் மனசில் இருக்கிறது. டயர் தரையைத் தொடுகிற இடத்திலிருந்து அந்த யுனிவர்சல் ஜாயின்ட்வரை ஒரு கோடு போட வேண்டும். அது மேல்நோக்கிச் சாயும். வளைவில் தரை டயரை உள்நோக்கித் தள்ளும்போது, அந்தத் தள்ளு சாய்ந்த கோட்டின் வழியே போய் வண்டியின் முதுகைத் தூக்கும். தூக்கினால் சக்கரம் மடியும். மடிந்தால் கோடு இன்னும் செங்குத்தாகும், இன்னும் தூக்கும். டயர் தோள்பட்டையில் மட்டும் நின்றுகொண்டு பிடியை விட்டுவிடும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து வால் எழும்புமே, அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். வண்டியைத் தாழ்த்தினால் அந்தக் கோடு படுத்துவிடும். சக்கரமும் முன்கூட்டியே உள்ளே சாய்ந்து நிற்பதால், வளைவில் முதுகு கொஞ்சம் எழும்பினாலும் டயர் மடியாமல் தரையைப் பிடிக்கும்.

இந்தக் கோளாறு ஹெரால்டுக்கு மட்டும் இருந்ததல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இதே ஏற்பாடுதான். அமெரிக்காவில் 1960இல் வந்த செவர்லே கார்வேர், பின்னால் எஞ்சினும் ஸ்விங் ஆக்ஸிலுமாக வந்து பெரிய வழக்காகிவிட்டது. அதைச் சமாளிக்க அந்தக் கம்பெனி முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னது. எத்தனை வீட்டில் அதைக் கவனித்து வைத்திருப்பார்கள்? ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய கார் பாதுகாப்புப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேர்தான். டிரையம்ஃப் கம்பெனி தன் ஸ்பிட்ஃபயர் காரில் 1970இல்தான் கமானை மாற்றி அமைத்துக் குறையைச் சரிக்கட்டியது. அதற்கு முன்பே கமானின் வளைவைக் குறைக்கிற வேலையை மேற்குத் தாம்பரத்தில் ஒரு பட்டறைக்காரர் சுத்தியலால் செய்துகொண்டிருந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கமானின் போக்கு தெரியும்.

அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று சொல்ல வேண்டும். முதலில் கமானைத் தரையில் படுக்கவைத்து, சுற்றி சாக்பீஸால் அதன் வளைவை வரைந்துகொள்வார். அதற்குள்ளே, எட்ட வேண்டிய புது வளைவை இன்னொரு கோடாக வரைவார். பிறகு நடு போல்டைக் கழற்றிப் பட்டைகளைத் தனித்தனியே பிரிப்பார். இரண்டு இரும்புக் கட்டைகளை ஒரு சாண் தள்ளி வைத்து, அவற்றின்மேல் பட்டையை முதுகு மேலே தெரியப் பாலம்போல வைத்து அடிப்பார். ஓங்கி அடிக்க மாட்டார். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்திக்கொண்டே, ஒரே பலத்தில் நூற்றுக்கணக்கான அடி. உலையில் காட்டினால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஏன் மாமா என்று ஒருமுறை கேட்டேன். “நெருப்புல காட்டினா நீ கேட்ட மாதிரி வளையும்டா. அப்புறம் அது கமான் இல்லை, வெறும் இரும்பு” என்றார். சூடேற்றினால் மறுபடி முறையாகப் பதம் வைக்க வேண்டும், அதற்கான உலை எங்களிடம் இல்லை. அதனால் பச்சையாகத்தான் அடிப்பார். ஒவ்வொரு பட்டையையும் சாக்பீஸ் கோட்டோடு வைத்துப் பார்த்து, அடுத்ததன் வயிற்றோடு ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கிரீஸ் தடவிக் கட்டுவார். அவசரக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. டிஃபரன்ஷியலுக்கும் கமானுக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டையை வைத்து நீள ஸ்டட் போட்டால், கமான் மேலே போய் வண்டி கீழே உட்கார்ந்துவிடும்.

கமானை மாட்டியதும் வேலை முடிந்தது என்று பையன்கள் பணத்தை எடுப்பார்கள். மாமாவுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும். முதலில் வண்டியைப் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் உருட்டச் சொல்வார். ஜாக்கியிலிருந்து இறக்கிய ஸ்விங் ஆக்ஸில் வண்டி உடனே உட்காராது, டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மடக்கியே வைத்திருக்கும். உருட்டினால்தான் நிலைக்கு வரும். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் எத்தனை, கீழ் விளிம்புக்கும் எத்தனை என்று இரும்பு ஸ்கேலால் அளப்பார். 13 அங்குல ரிம்மில் இரண்டுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி. அது கேம்பர். அடுத்து நான்கு ஸ்டாண்டு நிறுத்தி, வண்டிக்கு இணையாக இரு பக்கமும் நூல் கட்டி, சக்கரத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு என்று பார்ப்பார். அது டோ. ஹெரால்டில் பின்சக்கர டோவைக்கூடத் திருத்தலாம், ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் ஷிம் சேர்த்தோ எடுத்தோ.

இந்த அளவை ஒருமுறை எடுத்ததோடு விடமாட்டார். ஓட்டுகிறவரை உட்காரவைத்து ஒருமுறை. பின்சீட்டில் இரண்டு மணல் மூட்டை ஏற்றி இன்னொருமுறை. ஜாக்கியால் வாலை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டு மூன்றாவது முறை. மூன்று உயரத்துக்கும் மூன்று ஜோடி எண்கள், தரையில் சாக்பீஸால். “வண்டி ரோட்டுல ஒரே உயரத்திலயா போகுது?” என்பார். அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

ஸ்விங் ஆக்ஸில் நம் ரோட்டுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு அதே எஞ்சினோடு கெஸலைக் கொண்டுவந்தபோது பின்பக்கம் சாதாரண முழு ஆக்ஸிலாகிவிட்டது. ஆக்ஸில் ஒரே தண்டாக இருந்தால் எவ்வளவு தாழ்த்தினாலும் பின் கேம்பர் மாறாது. ஃபியட்டும் அப்படித்தான், பின்னால் நீளக் கமான். ஒரு பட்டையை எடுத்துவிட்டாலே இறங்கிவிடும். முன்னால் இரண்டு விஷ்போன், காயில் ஸ்பிரிங். அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அதே பெருங்களத்தூர் தொழிற்சாலை 1985இல் இங்கிலாந்தின் தாழ்வான ரோவரை எடுத்து, நம் ரோட்டுக்காக உயர்த்தி ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றது. சில வருஷங்களில் தொழிற்சாலையே மூடிவிட்டது. அந்தக் கேட் இருந்த பக்கம் பஸ்ஸில் போகும்போது இப்போதும் நான் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவேன்.

1983 கடைசியில் மாருதி 800 வந்தது. அதன்பின் வந்த சின்ன கார்களில் எல்லாம் முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்க, கீழே ஒரு கை மட்டும் சக்கரத்தைப் பிடித்திருக்கும். பட்டறைகளில் கமான் வேலை குறைந்தது. மாமா போனபிறகு நான் அலைன்மென்ட் மெஷின் வாங்கினேன். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்துவிட்டது. கோவையில் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய கார்கள் கட்டிக்கொண்டிருந்தார். ஊரெங்கும் பையன்களுக்கு வண்டி தாழ்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆசையில் தவறில்லை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியோடு நிற்கிற காரைவிட, இரண்டு விரல் இடைவெளியோடு நிற்கிற கார் அழகுதான்.

1996 மழைக்காலம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் தன் சின்ன காரைக் கொண்டுவந்தான். முன் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டித் தரச் சொன்னான். வெட்டித் தந்தேன். வேலை செய்கிற ஆறு சுற்றில் இரண்டு போனால் மீதி நான்கு ஒன்றரை மடங்கு கெட்டியாகும், அது எனக்குத் தெரியும். கெட்டியானால் நல்லதுதானே என்று நினைத்தேன். மெஷினில் ஏற்றினேன். டோவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தேன். எல்லா எண்களும் பச்சை. பத்து நாள் கழித்து மதுராந்தகம் பக்கம் இரவில், ஈர ரோட்டில், சின்னப் பாலம் ஒன்றின் மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டது. அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தபிறகு, ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் தூக்கி மாமா செய்ததுபோல நூல் பிடித்து அளந்தேன். நின்ற நிலையில் டோ சுழியம். ஒன்றரை அங்குலம் அமுங்கியதும் முன்சக்கரம் 7 மில்லிமீட்டர் வெளியே திரும்பியது. ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. தாழ்த்தியதால் கீழ்க் கையும் டை ராடும் படுத்திருந்த நிலையை விட்டு மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டன. இரண்டின் நீளமும் கோணமும் வேறு வேறு, அதனால் இரண்டும் வரைகிற வட்டமும் வேறு வேறு. புது வண்டியில் அந்த வித்தியாசம் மிகச் சிறிதாக இருக்கிற இடத்தில்தான் கம்பெனிக்காரன் உயரத்தை வைத்திருக்கிறான். நான் அந்த இடத்தைவிட்டு நகர்த்தினேன். நகர்த்திய பிறகு ஒரே ஒரு உயரத்தில் அளந்து, தாள் கொடுத்து அனுப்பினேன். அந்தத் தவறு என்னுடையது. அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வண்டிச் செலவு முழுவதையும் நானே ஏற்றேன்.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். ஸ்ட்ரட் வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் சாய்வது குறையும் என்று எல்லாரும் நம்புகிறோம். உடலின் எடை மையம் ஒன்றரை அங்குலம் இறங்குகிறது, உண்மை. ஆனால் கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்ததும், உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நீளமாகிறது. கடப்பாரை நீளமானால் நெம்புவது சுலபம். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால்தான் அது வெளியே தெரிவதில்லை. ஹெரால்டைக் காப்பாற்றிய அதே இரண்டு அங்குலம் ஸ்ட்ரட் வண்டியைக் கெடுக்கிறது.

அன்றிலிருந்து நான் ஸ்பிரிங் வெட்டுவதில்லை. வெட்டின ஸ்பிரிங், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது தன் இருக்கையில் தளர்ந்துவிடும். பழைய ஷாக் அப்சார்பருக்கு அமுங்க இடமில்லாமல் ரப்பர் நிறுத்தத்தில் போய் இடிக்கும். இடிக்கிற நொடியில் அந்தச் சக்கரம் கல்லாகிவிடும். தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால், அந்த வண்டிக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற ஷாக்கும் கொண்டுவரச் சொல்வேன். 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பேன். கீழ்க் கையும் டை ராடும் பழைய சாய்வுக்குத் திரும்ப நீளமான பால் ஜாயின்ட் கிடைக்குமா என்று தேடுவேன். பெரும்பாலான சின்ன கார்களில் கம்பெனி நமக்குத் திருத்தக் கொடுப்பது முன் டோ மட்டும். கேம்பரைத் திருத்த வேண்டுமானால் தனி போல்ட் போட வேண்டும். அது இல்லாமல் தாழ்த்தினவர்களின் டயர்களைப் பார்க்கிறேன். வெளியே புதுசுபோல இருக்கும், உள் விளிம்பில் கையை விட்டுத் தடவினால் கம்பி குத்தும். சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. பந்தயப் பாதையில் மட்டும் ஓடுகிற வண்டி வேறு. செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே போகிற பையன்களுக்கு நான் மூன்று உயரத்திலும் அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தருகிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு ஹெரால்டு வந்தது. பழைய கார்களைச் சேர்க்கிறவர். அறுபதைத் தொடுகிற வயது, என்னை “ஐயா” என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த உயரமே வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது, புதுச்சேரி வரை ஓட்டிப்போக வேண்டும் என்றார். கமானைப் பிரித்துச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்துக் கட்டினேன். பத்தடி முன்னும் பின்னும் உருட்டினோம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். அவர் தனியாக உட்கார்ந்தபோது ரிம்மின் அடி உள்ளே ஒடுங்கி இருந்தது, வித்தியாசம் 14 மில்லிமீட்டர்.

“வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைச்சுக்குங்க. உள்ளே போனபிறகு காலை எடுக்காதீங்க. பிரேக்கும் வேண்டாம்” என்றேன்.

“அவ்வளவு மோசமா ஐயா?”

“நல்ல வண்டி. பின்னாடி கொஞ்சம் எடை இருந்தா இன்னும் நல்ல வண்டி.”

கடைக்குப் பின்னால் கட்டட வேலைக்கு இறக்கியிருந்த மணலில் இரண்டு மூட்டை கட்டி டிக்கியில் ஏற்றினோம். மறுபடி உருட்டினோம். நூலைத் தொங்கவிட்டு அளந்தேன், 1 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஜாக்கியில் தூக்கி மூன்றாவது அளவையும் எடுத்துத் தரையில் எழுதினேன். அவர் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். வண்டி வாசலைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறித் தெற்கே திரும்பியது. பின்னாலிருந்து பார்க்க, உள்ளே மூன்று பேர் இருப்பதுபோல இருந்தது.